மேலாளருக்குத் தைத்த முடி

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் இரண்டு கண்களின் மேலும் சத்தியம். அதிலும் அண்மையில் ஆபரேஷன் செய்த வலது கண்ணின் மேல் கூடுதலாக ஒரு சத்தியம். நான் எதையும் கூட்டிச் சொல்கிற ஆள் என்று என் மனைவி தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் எப்போதுமே எதையும் கூட்டித்தான் சொல்லுவாள்.

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் இருக்கிறது. முன்னறை முழுவதுமே அதுதான். விருந்தாளிகள் வந்தால் அதைச் சுற்றிக்கொண்டுதான் உட்கார வேண்டும். அதில் என் மனைவி பரிசுப் படங்கள் தைத்துக் கொடுப்பாள். பிறந்த குழந்தையின் பெயர், கல்யாண ஜோடியின் முகம், செத்துப்போன நாய், எதுவானாலும் நூலில் தைத்து, சட்டம் போட்டு, சுவரில் மாட்டத் தயாராகக் கொடுத்துவிடுவாள். கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் மகள். ஊசியில் நூல் கோப்பது நான். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பதவியும் போய்விட்டது.

இந்தத் தொழிலில் தையலைவிடப் பெரிய விஷயம், எந்தத் துணியில் தைக்கிறோம், அதன் அடியில் எந்தத் தாளை வைக்கிறோம் என்பது. மெஷின் ஊசி ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை குத்தும். ஒவ்வொரு தையலும் துணியைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். மெல்லிய துணி என்றால் சுருங்கிப் போகும். அதனால் துணிக்கு அடியில் ஒரு தாளை வைத்து, இரண்டையும் சேர்த்து வளையத்தில் இறுக்கித் தைக்க வேண்டும். அந்தத் தாளில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டால் போதும், மற்றது காலத்துக்கும் துணியின் முதுகில் ஒட்டிக்கொண்டு தாங்கும். இரண்டாவதைத் தைத்து முடித்ததும் கிழித்துவிடலாம். மூன்றாவதைத் தண்ணீரில் போட்டால் கரைந்து காணாமல் போகும். முகம் போல அடர்த்தியாகத் தைத்துச் சட்டம் போடுவதென்றால், கெட்டித் துணியும் வெட்டுகிற தாளும்தான். இது மெஷினை ஒருமுறை தூசு தட்டியவனுக்குக்கூடத் தெரியும். எனக்கே தெரியும்.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளையின் அலுவலகத்து மேலாளர் ஓய்வு பெறும் நாள் வந்தது.

அந்த அலுவலகம் என்னதான் செய்கிறது என்று மாப்பிள்ளையிடம் பல தடவை கேட்டிருக்கிறேன். "ஒருங்கிணைக்கிறோம் மாமா" என்பார். எதை என்று கேட்டால், அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது என்பார். எப்படியோ, மேலாளர் போகும்போது யார் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறாரோ அவர்தான் அடுத்து அந்த நாற்காலியில் உட்காருவார். போட்டியில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் மாப்பிள்ளை. இன்னொருவரை அலுவலகத்தில் எல்லோரும் தலையாட்டி என்று கூப்பிடுவார்கள். மேலாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் தலை ஆட ஆரம்பித்துவிடும் என்பதால் அந்தப் பெயர். தூக்கத்திலும் ஆடும் என்று அவர் மனைவி சொன்னதாகக் கேள்வி.

மேலாளரின் முகத்தை எம்பிராய்டரியில் தைத்துப் பரிசாகக் கொடுக்கலாம் என்ற யோசனை மாப்பிள்ளையுடையது. நாற்காலி கைக்கு எட்டிவிட்டது என்றே நினைத்தார். மறுநாளே தலையாட்டி ஒரு அன்பளிப்புக் குழுவை அமைத்து, அதில் தானும் சேர்ந்துகொண்டார். குழு எங்கள் முன்னறைக்கு வந்து மெஷினைச் சுற்றி உட்கார்ந்தது.

என் மனைவி துணிகளை எடுத்துப் போட்டாள்.

"அத்தை, இதுல எது நல்லாப் பளபளன்னு இருக்கும்?" என்றார் மாப்பிள்ளை.

"பளபளன்னா சாட்டின்தான் மாப்பிள்ளை. ஆனா முகம் தைக்க அது தாங்காது. இந்தக் காடாத் துணியில போடுவோம். அசையாம நிக்கும்."

தலையாட்டி துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "காடாவா? ஏம்மா, பை தைக்கிற துணியிலயா எங்க சார் முகம்?"

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். சாட்டினே இருக்கட்டும் அத்தை."

அடுத்து தாள். வெட்டுகிற தாளைக் காட்டி, "இது படத்துக்குப் பின்னாலேயே நிரந்தரமா நின்னு தாங்கும்" என்றாள் என் மனைவி.

"அப்ப சாரைத் தாங்கிப் பிடிக்கப் பின்னால ஆள் வேணும்னு அர்த்தம் ஆகாதா?" என்றார் தலையாட்டி.

குழு திகைத்துப் போனது. அப்படி ஒரு ஆபத்து இருப்பது யாருக்கும் தோன்றவில்லை.

"கிழிக்கிற தாள்?"

"பிசிறு பிசிறா மிச்சம் நிக்கும்."

"கரையுற தாள்னா?"

"தண்ணியில நனைச்சா போயிடும். இருந்த இடமே தெரியாது. ஆனா அதுக்கப்புறம் துணியைத் தாங்க ஒண்ணும் இருக்காது."

"அதாவது, கடைசியில ஒரு தடயமும் இருக்காது?"

"இருக்காது."

குழுவில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு நிம்மதியை நான் அலுவலகக்காரர்கள் முகத்தில் பார்த்ததே இல்லை. அவர்கள் இத்தனை காலம் செய்த வேலை அத்தனையும் அந்த முறையில்தானே நடந்தது! கரைகிற தாள் ஒருமனதாக நிறைவேறியது.

"சொல்ல வேண்டியதை நான் சொல்லிட்டேன்" என்றாள் என் மனைவி. "நாளைக்கு உங்க சார் மூஞ்சி கோணிக்கிட்டா என் மூஞ்சியைப் பாக்கக் கூடாது." மாப்பிள்ளை தன் பேச்சைக் கேட்கவில்லை என்ற கோபத்தில், அவர் சொன்னபடியே ஒரு நூல்கூட மாறாமல் தைத்துக் காட்டுவது என்று அவள் அப்போதே முடிவு செய்துவிட்டாள். பழிவாங்குவதில் கீழ்ப்படிதலைப் போன்ற வழி இல்லை என்பது அவள் கொள்கை. அதை நான் நாற்பது வருடமாக அனுபவித்து வருகிறேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் வந்தது. மகள் புகைப்படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, இவருக்குத் தலையில முடியே இல்லையே?"

பார்த்தேன். தட்டைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது.

"ஏங்க" என்று கணவரைக் கேட்டாள். "உங்க சாருக்கு முடி இருக்கா இல்லையா?"

மாப்பிள்ளை அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அதைப் பத்தி ஆபீஸ்ல இன்னும் ஒரு நிலைப்பாடு எடுக்கலை."

"எடுக்க என்ன இருக்கு? பாத்தாத் தெரியுமே?"

"அவர் தினமும் சட்டைப் பையிலேருந்து சீப்பை எடுத்துத் தலை சீவுவார். எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்போம். சீவி முடிச்சதும் நல்லா இருக்கு சார்னு சொல்லுவோம். வேற எப்படி நடந்துக்குறது?"

முடி வைத்துத்தான் தைக்க வேண்டும் என்று ஆயிற்று. மகள் மெல்லியதாக நாலு கோடு போட்டாள். செய்தி தலையாட்டிக்கு எட்டியது. போனில் கூப்பிட்டு, முன் பக்கம் இன்னும் கொஞ்சம் அடர்த்தி வேண்டும் என்றார். தன் யோசனையை அவர் தட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பயந்து மாப்பிள்ளை பக்கவாட்டிலும் கூட்டச் சொன்னார். தலையாட்டி சுருள் கேட்டார். மாப்பிள்ளை சுருளுக்கு மேல் சுருள் கேட்டார். நாற்காலிக்கான போட்டி முழுவதும் அந்த மண்டையின் மேல்தான் நடந்தது. கடைசியில் டிசைனைப் பார்த்த என் மனைவி, "மாப்பிள்ளை, இது தலையா, கம்பளிப் போர்வையா?" என்றாள். ஆனாலும் தைத்தாள்.

முகத்தை மெஷின் காலையிலேயே முடித்துவிட்டது. முடியைத் தைக்க இரண்டு நாள் ஆனது. மெஷின் சூடாகி, அதன் மேல் வைத்த துணியெல்லாம் தானாக இஸ்திரி ஆனது. கறுப்பு நூல் தீர்ந்து கடைக்குப் போனால், கடையிலும் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பினார். தைத்து முடித்துத் தண்ணீரில் நனைத்தோம். தாள் சொன்னபடி கரைந்தது. இத்தனை முடியின் பாரமும் அந்த மெல்லிய சாட்டின் மேல் விழுந்தது.

காய்ந்த பிறகு பார்த்தால் துணி போர்வை அளவிலிருந்து கைக்குட்டை அளவுக்கு வந்திருந்தது. முடி நெற்றியை மேலே இழுத்ததில் புருவம் ஏறியிருந்தது. புருவம் இழுத்ததில் கன்னம் ஏறியிருந்தது. கன்னம் இழுத்ததில் வாயின் இரண்டு ஓரமும் காதுப் பக்கம் போய்விட்டது. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் சிரித்தறியாத அந்த மனிதர் படத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சட்டம் போடுபவர் அதை அட்டையில் இழுத்து ஆணி அடிக்கப் படாத பாடு பட்டார். ஒரு பக்கம் அவர், மறு பக்கம் நான். முடி புடைத்து நின்றதால் கண்ணாடியும் போட முடியவில்லை. மாலைக்குள் தேக்குச் சட்டத்தின் நாலு பக்கமும் உள்ளே வளைந்துவிட்டன.

"இந்த மாதிரி நான் செஞ்சு குடுக்கலைங்க" என்றார் அவர். "அதுவா வளையுது."

வழியனுப்பு விழாவில் மேலாளர் படத்தைப் பார்த்தார். கூடத்தில் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றியது. அவர் சிரிப்பைக் கவனித்ததாகத் தெரியவில்லை. முடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியே இருக்கு" என்றார். சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டார். "இதை இன்னைக்கே வீட்டு ஹால்ல மாட்டுறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டுக்கு வாங்க. அந்தப் படத்துக்குக் கீழே நின்னு, அடுத்த மேலாளர் யாருன்னு சொல்றேன். தைச்சவங்களையும் கூட்டிட்டு வாங்க."

மாப்பிள்ளை அந்த வாரம் முழுவதும் தூங்கவில்லை. நாற்காலியில் எப்படி உட்காருவது என்று எங்கள் வீட்டில் பழகிப் பார்த்தார். என் மகள் எதிரில் நின்று, உள்ளே வரலாமா சார் என்று கேட்க வேண்டும். அவர் கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். மேலாளர் வீட்டு ஹாலில் சைக்கிள் ஓட்டலாம் என்று மாப்பிள்ளை முன்பு சொல்லியிருக்கிறார். உள்ளே போனபோது நாங்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்க முடிந்தது. படம் மாட்டியிருந்த சுவர் எங்களை நோக்கி முன்னே வந்திருந்தது. சுண்ணாம்புப் பூச்செல்லாம் கொசுவம் கொசுவமாக மடிந்து, ஒவ்வொரு மடிப்பும் நேராக அந்த முடியில் போய் முடிந்தது. மூலையில் இருந்த கடிகாரம் நகர்ந்து வந்து படத்துக்குப் பக்கத்தில் நின்று மணி காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஜன்னல்களும் ஒன்றாகியிருந்தன.

மேலாளரின் மனைவி காபிக் கோப்பைகளுடன் வந்தார். "போன வாரம் சமையலறை அந்தக் கோடியில இருந்துச்சு. இப்ப சோபாவுல உட்கார்ந்துகிட்டே அடுப்பை அணைச்சுக்கலாம். வசதியாத்தான் இருக்கு."

"அடக்கமான ஹால் சார்" என்றார் தலையாட்டி. "பெரிய ஹால்னா மனுஷங்க விலகிப் போயிடுவாங்க."

"ஆமா, நெருக்கம் வளருது" என்றார் மாப்பிள்ளை விட்டுக்கொடுக்காமல்.

என் மனைவிக்கு ரகசியம் பேச வராது. "முடிதான் இழுக்குது" என்று என் காதில் சொன்னது வாசல் வரை கேட்டது. "பின்னால தாங்க ஒண்ணும் இல்ல. அந்த முடியைப் பிரிச்சு எடுத்தாத்தான் சுவர் விடும். இல்லன்னா எல்லாரும் இங்கேயே பிதுங்க வேண்டியதுதான்."

முடியைப் பிரிக்க வேண்டும். அதற்கு மேலாளர் சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்க வேண்டுமென்றால், முடி அங்கே இருக்கத் தேவையில்லை என்று யாராவது அவரிடம் சொல்ல வேண்டும். இதைப் புரிந்துகொண்ட குழு, காபிக் கோப்பையைக் கீழே வைக்காமல் அந்த இடத்திலேயே கூட்டம் போட்டது.

"சார், படத்தோட மேல்பகுதியைக் கொஞ்சம் மறுபரிசீலனை பண்ணலாமா?" என்றார் ஒருவர்.

"எந்த மேல்பகுதி?"

"ரொம்ப மேல்பகுதி சார்."

"நெற்றிக்கு வடக்கே" என்றார் இன்னொருவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"நெற்றியைக் கீழே இறக்கிட்டா சரியாயிடும் சார்" என்றார் தலையாட்டி. "முடியைத் தொடவே வேண்டாம்."

மேலாளர் முகம் மலர்ந்தது. அந்தக் கணத்தில் நாற்காலி தலையாட்டி பக்கம் சாய்ந்ததை நானே கண்ணால் பார்த்தேன். மாப்பிள்ளையும் பார்த்தார். சுவர் இன்னும் ஒரு முழம் நகர்ந்தது. முதலில் முழங்கால்கள் முட்டின, பிறகு தோள்கள், பிறகு தொப்பைகள். கடைசியில் மாப்பிள்ளையின் மூக்கு மேலாளரின் தலைக்கு மிக அருகில் போய் நின்றது. அந்தத் தலையில் மாப்பிள்ளைக்குத் தன் முகமே தெரிந்தது. பிற்பாடு அவர் என்னிடம் சொன்னார், "மாமா, அதுல என்னைப் பாத்தேன். பாக்கவே நல்லா இல்லை."

"சார்" என்றார் மாப்பிள்ளை. "உங்களுக்கு முடி இல்ல சார்."

சுவர்கூட நகர்வதை நிறுத்தியது.

மேலாளர் கையைத் தூக்கித் தலையைத் தடவிப் பார்த்தார். முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம்.

"எப்பலேருந்து?"

"நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்தே சார்."

"அப்ப தினமும் நான் சீவினது?"

"சீப்பு ரொம்ப நல்ல சீப்பு சார்" என்றார் தலையாட்டி.

மேலாளர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். திரும்ப இடமில்லாததால் கண்ணை மட்டும் திருப்பினார். "உனக்குமா தெரியும்?"

"கல்யாணத்துக்கு அப்புறம் சீக்கிரமே கொட்டிப்போச்சுங்க" என்றார் அந்த அம்மா. "நீங்களா ஒருநாள் பேச்செடுப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் குழந்தைங்க வளர்ந்துட்டாங்க, மறந்துபோச்சு."

மேலாளர் என் மனைவியிடம், "எடுத்துடுங்கம்மா" என்றார்.

என் மனைவி கைப்பையிலிருந்து தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்தாள். படத்தைச் சுவரிலிருந்து கழற்ற முடியாததால், முன்பக்கமாகவே சுருள் சுருளாகப் பிரித்தாள். ஒவ்வொரு சுருள் அறுந்தபோதும் சுவர் ஒரு பெருமூச்சு விட்டுப் பின்னால் போனது. முதலில் கடிகாரம் தன் மூலைக்குத் திரும்பியது. ஜன்னல்கள் பிரிந்தன. அடுப்பு எங்களை விட்டு விலகிச் சமையலறைக்குள் போய்ச் சேர்ந்தது. எல்லோரும் தங்கள் தங்கள் காலைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். கடைசி நூலை உருவியபோது சுவர் கொஞ்சம் அதிகமாகவே பின்னால் போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தன் கட்டில் எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள்.

படத்தில் இருந்தவருக்கு இப்போது முடி இல்லை, தலை முழுவதும் ஊசி குத்திய துளைகள். இழுவை போனதும் சிரிப்பும் போய்விட்டது. உதடு பிதுக்கி எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே அச்சு அசலாக அவர்தான்.

மேலாளர் படத்துக்குக் கீழே போய் நின்றார். தொண்டையைக் கனைத்தார். மாப்பிள்ளை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இத்தனை வருஷத்துல என்கிட்ட உண்மை சொன்ன ஒரே ஆள் நீங்கதான்" என்றார் மேலாளர். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் வீட்டைக் காப்பாத்தினீங்க. அதை நான் மறக்க மாட்டேன்."

"நன்றி சார்."

"அதனாலதான் உங்களை அந்த நாற்காலியில உட்கார வைக்க முடியாது. நாளைக்கு மேலிடத்துலேருந்து ஒருத்தர் வருவார். அவருக்கும் முடி இருக்காது. அவரும் சீப்பு வெச்சிருப்பார். நீங்க சும்மா இருப்பீங்களா? ஆபீஸ் தாங்காது." தலையாட்டியைக் காட்டினார். "அவர் தாங்குவார்."

தலையாட்டி தலையை ஆட்டினார்.

திரும்பி வரும்போது பேருந்தில் மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். என் மகள் அவர் தோளைத் தட்டி, "விடுங்க. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டமாம்" என்றாள்.

"அந்தக் காலுக்குக் கீழே மடிச்சு வெச்ச அட்டையே நான் வெச்சதுதான்" என்றார் அவர்.

இப்போதும் அவர் பழைய மேசையில்தான் இருக்கிறார். ஆனால் அலுவலகத்தில் அவருக்குத் தனி மரியாதை. சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொருவராக வந்து, கதவைச் சாத்திவிட்டு, இந்தச் சட்டை எனக்கு நன்றாக இருக்கிறதா, நான் பாடினால் கேட்க முடிகிறதா என்று ரகசியமாகக் கேட்கிறார்கள். அவர் பதில் சொல்கிறார். ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை வருவதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எதிர் வீட்டுக்காரர், மாப்பிள்ளையை ஒருநாள் அறிமுகப்படுத்துங்கள், தன் கவிதைகளைக் காட்டி உண்மையான அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒரு தடையும் இல்லை. ஒரே ஒரு சிக்கல்தான். எங்களுக்கு ஒரே பிள்ளை, அதுவும் பையன், அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.